கனமான காயக்கைத் தனியாளாகக் காரில் ஏற்றுவது எப்படி, அதன் அடி தேயாமல் காப்பது எப்படி?

கேட்டது இதுதான்: மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் மீன்பிடி காயக் (ஒடுங்கிய சிறு படகு), நீளம் 3.8 மீட்டர், எடை ஏறத்தாழ 40 கிலோ. கார் உயரமான எஸ்யூவி. துணைக்கு ஆள் கிடையாது. இரண்டு வருடமாகத் தரையில் இழுத்து இழுத்துப் பின்முனையின் அடி தேய்ந்து சொரசொரவென்று ஆகிவிட்டது. தனியாக எப்படி ஏற்றுவது, தேய்ந்த இடத்தில் எதையாவது ஒட்டலாமா?

இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் ஒன்றுதான். தூக்க முடியாததால் இழுக்கிறீர்கள், இழுப்பதால் தேய்கிறது. காயக் தண்ணீரில் இருக்கும்போது அதன் அடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. காருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அதன் ஆயுள் போகிறது. அதனால் ஒட்டுகிற சமாசாரத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் எடை. (சௌகரியத்துக்காக முன்முனையை மூக்கு என்றும் பின்முனையை வால் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.)

40 கிலோ என்கிறீர்களே, அது எதன் எடை என்று பாருங்கள். தயாரிப்பாளர்கள் பலர் வெறும் கூட்டின் எடையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதன்மேல் சீட்டு, மிதிக்கும் பெடல் அமைப்பு, மீன் தேடும் கருவியின் பேட்டரி, தூண்டில் தாங்கி, உள்ளே மறந்து வைத்த நங்கூரம் எல்லாம் சேரும். பெடல் அமைப்பு மட்டுமே பல காயக்குகளில் 5 கிலோவைத் தாண்டும். கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு அப்புறம் கூட்டில் கை வையுங்கள். சோம்பேறித்தனத்தில் "சீட்டுதானே, இருக்கட்டும்" என்று விடுகிற அந்த மூன்று கிலோ, தோளுக்கு மேலே போகும்போது பத்து கிலோவாகத் தெரியும்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: தண்ணீர். மேலே உட்காரும் காயக்கின் வயிறு வெற்றிடம். மூடி சரியாக உட்காராததாலோ திருகாணி ஓட்டை வழியாகவோ நாள் முழுக்கக் கசிந்து உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே கிடந்தால் நீங்கள் தூக்குவது 40 அல்ல, 50. அதைவிட மோசம், மூக்கைத் தூக்கியதும் அந்தத் தண்ணீர் முழுக்க வாலுக்கு ஓடும், சமநிலை கையை விட்டுப் போகும். கரைக்கு வந்ததும் முதல் வேலை வால் பக்கத்து அடைப்பானைத் திறந்து சாய்த்து வடிப்பது. வடிந்ததும் அடைப்பானைத் திரும்பவும் மாட்டிவிடுங்கள். திறந்தே விட்டுவிட்டு அடுத்த முறை அப்படியே தண்ணீரில் இறக்கியவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

சரி, ஏற்றுவது. ஒரே விதி: முழு எடையையும் ஒரே சமயத்தில் தூக்காதீர்கள். ஒரு முனை எங்கேயாவது ஊன்றியிருக்க, மறு முனையைத் தூக்கினால் கையில் வருவது பாதி எடைதான். 40 கிலோ என்றால் 20. முதுகை வளைக்காமல், உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலானவர்களால் முடிகிற எடை. கீழே சொல்கிற எல்லா வழியும் இந்த ஒன்றின் மாறுவேஷம்தான்.

உயரமான காருக்கு நான் சொல்வது பின்னாலிருந்து ஏற்றுவது. காயக்கைக் காருக்குப் பின்னால், காரின் நேர்க்கோட்டில், மூக்கு காரைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். வாலுக்கு அடியில் பழைய மிதியடி ஒன்றைப் போடுங்கள். கார் கூரையின் குறுக்கே முன்னும் பின்னுமாக மாட்டியிருக்கும் இரண்டு குறுக்குக் கம்பிகளில், மூக்கைத் தூக்கிப் பின்பக்கக் கம்பியில் சாய்க்க வேண்டும். எஸ்யூவிகளில் பின்கம்பி கூரையின் விளிம்பிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும், மூக்கு கம்பியைத் தொடுவதற்கு முன்பே கூரை விளிம்பிலோ பின் கண்ணாடிக்கு மேலே நீட்டியிருக்கும் பிளாஸ்டிக்கிலோ உரசும். அதற்குத்தான் ரப்பர் பாய். குளியலறையில் வழுக்காமல் இருக்கப் போடுவார்களே, அடியில் குட்டிக் குட்டி உறிஞ்சு கிண்ணங்கள் இருக்கிற பாய், அதை விளிம்பின் மேல் விரித்தால் நகராமல் நிற்கும். காயக்கும் பெயிண்ட்டும் இரண்டும் தப்பிக்கும். போடுவதற்கு முன் கூரையில் இருக்கிற மண்ணைத் துடைத்துவிடுங்கள். பாய்க்கு அடியில் மணல் இருந்தால் அது பாய் இல்லை, உப்புத்தாள்.

கொஞ்சம் செலவழிக்க மனம் இருந்தால் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் உருளைகள் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான். ஆனால் ஒட்டும் இடம் சுத்தமாக, வளைவில்லாமல் இருக்க வேண்டும், உறிஞ்சு கிண்ணம் லேசாக ஈரமாக இருந்தால் பிடி நன்றாக இருக்கும். அதன்மேல் முழு நம்பிக்கை வைத்துவிட்டுக் கையை எடுக்காதீர்கள். பக்கக் காற்று அடிக்கும்போது உருளைமேல் இருக்கிற காயக் உருள்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சரியும். என் காரின் பின் விளக்குக்கு மேலே ஒரு முழ நீளக் கோடு அப்படி வந்ததுதான்.

மூக்கு சாய்ந்ததும் பின்னால் வாருங்கள். இப்போது வாலைத் தூக்கி, நடந்துகொண்டே முன்னால் தள்ளுங்கள். ஆரம்பத்தில் கையில் பாதி எடை இருக்கும், ஒவ்வொரு அடி முன்னேறும்போதும் எடை காரின் மேல் மாறி மாறிப் போய் கையில் குறைந்துகொண்டே வரும். காயக்கின் நடுப்பகுதி அது ஊன்றியிருக்கும் இடத்தைத் தாண்டுகிற நொடியில் மூக்கு தானாகக் கீழே இறங்கி முன்கம்பியில் விழப் பார்க்கும். அந்த நொடியில் வாலை அழுத்திப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். இங்கேதான் பலர் "டம்" என்ற சத்தத்தோடு கம்பியையும் காயக்கையும் அடித்துக்கொள்ள விடுகிறார்கள். அதற்குப் பிறகு மிச்ச தூரம் வெறும் தள்ளுதான்.

இதில் ஒரு சின்னத் தந்திரம். தரையில் சரிவு இருந்தால் காரின் பின்பக்கம் மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள் (கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல்லும் வைத்து). நீங்கள் மேட்டில் நிற்பீர்கள், கூரை உங்களுக்குத் தாழ்ந்துவிடும். ஒரு சாண் உயர வித்தியாசம் கிடைத்தால்கூட வேலை பாதியாகத் தெரியும். இன்னொரு தந்திரம்: காயக்கைத் தள்ளிக்கொண்டு வர டிராலி (சக்கர வண்டி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) இருந்தால் அதை வால் பக்கம் நகர்த்தி, கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு மூக்கைத் தூக்குங்கள். வால் தரையில் தேய்வதற்குப் பதிலாகச் சக்கரத்தில் உருண்டு முன்னால் வரும். வால் தேய்மானத்தில் ஒரு பங்கு இந்தத் தூக்கும் நேரத்தில்தான் நடக்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பக்கவாட்டிலிருந்து ஏற்றுவது இன்னொரு வழி. முன்கம்பியிலிருந்து வெளியே நீட்டிக்கொள்ளும் கைக்கம்பி ஒன்று தனியாக வருகிறது. காயக்கைக் காருக்குப் பக்கத்தில் போட்டு, மூக்கைத் தூக்கி நீட்டிய கம்பியில் வைத்து, பிறகு வாலைத் தூக்கிப் பின்கம்பியில் வைத்து, கடைசியாக மூக்கை உள்ளே நகர்த்துவது. இதிலும் ஒவ்வொரு முறையும் பாதி எடைதான். ஆனால் தோளுக்கு மேலே பக்கவாட்டில் தூக்க வேண்டியிருப்பதால் உயரமான காருக்கு நான் சொல்லமாட்டேன், தாழ்ந்த காருக்கு அருமை. காற்றுச் சிலிண்டர் வைத்துத் தானே பாதிப் பாரம் தாங்கித் தூக்கிக் கொடுக்கிற கருவிகளும் இருக்கின்றன. துலே நிறுவனத்தின் ஹல்லவேட்டர் ப்ரோ அதில் பேர்போனது. அது 18 கிலோ அளவுக்குத் தானே தாங்கும், ஆனால் ஏற்றக்கூடிய காயக்கின் எடை 34 கிலோ வரைதான். உங்கள் 40 கிலோவுக்கு அது ஆகாது. "எடை அதிகம் என்பதால் வாங்கினேன், எடை அதிகம் என்பதால் பயன்படுத்த முடியவில்லை" என்ற நிலை வேண்டாம், வாங்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

அதே மாதிரி பார்க்க வேண்டிய இன்னொரு எண் காரின் கூரை தாங்கும் எடை. காரோடு வந்த கையேட்டில் இருக்கும், பல கார்களில் 50 முதல் 75 கிலோ வரை. அந்த எண்ணில் காயக் மட்டும் அடங்காது. குறுக்குக் கம்பிகள், அதன்மேல் மாட்டும் தாங்கிகள், பெல்ட்டுகள் எல்லாம் சேர்த்துத்தான். 50 கிலோ வரம்புள்ள கூரையில் 6 கிலோ கம்பி, 4 கிலோ தாங்கி, 40 கிலோ காயக் என்றால் விளிம்பிலேயே நிற்கிறீர்கள், சீட்டைக் கழற்றாமல் விட்டால் தாண்டிவிட்டீர்கள். கம்பிக்கும் தனி வரம்பு உண்டு, தாங்கிக்கும் தனி வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் தந்திரம் எதுவும் தேடாதீர்கள், சின்ன டிரெய்லர் ஒன்றுதான் பதில். இடுப்பு உயரத்தில் ஏற்றலாம், பெடலைக்கூடக் கழற்ற வேண்டாம்.

காயக்கை எந்தப் பக்கமாக வைப்பது என்பதில் சண்டை ஓயாது. என் கருத்து: மேலே உபகரணம் அதிகம் இல்லாத காயக்கைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்புகள்தான் இந்த வகைக் கூட்டில் கெட்டியான பாகம், அடிப்பாகம் அகன்று தட்டையாக இருப்பதால் சுலபமாக உள்வாங்கும். ஆனால் மீன்பிடி காயக்கில் உபகரணம் மாட்டும் தண்டவாளம், தாங்கி, கைப்பிடி என்று மேலே முள்ளம்பன்றி மாதிரி இருக்கும், கவிழ்க்க முடியாது. அப்போது அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏற்ற அகலமான சேணத் தாங்கிகளில் நேராக வையுங்கள். வெறும் கம்பிமேல் நேராக வைக்காதீர்கள், மொத்த எடையும் இரண்டு மெல்லிய கோடுகளில் உட்காரும். நீச்சல் குள ஃபோம் குழாயைக் கம்பியில் சுற்றுவது அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அது போகப் போக அமுங்கும், அமுங்கினால் பெல்ட் தளரும். நீர் வடியும் துளைகளுக்குள் முளை நுழைந்து தாங்குகிற வகைத் தாங்கிகளும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் துளைகளின் சுவர்தான் பல காயக்குகளில் பலவீனமான இடம். குறுக்குக் கம்பிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட் வேண்டாம். லாரிக்காரர்கள் பாரத்தை இறுக்கும் கருவி அது. நெம்பு நெம்பாக ஏறி, நம் கைக்குத் தெரியாமலே காயக்கை நசுக்கும். இழுத்துவிட்டால் பல்லில் கவ்விக்கொள்கிற சாதாரண கேம் பக்கிள் பெல்ட் இரண்டு போதும். ஒவ்வொன்றும் காயக்கின் மேல் போய், கம்பிக்கு அடியில் சுற்றி, கம்பியின் கால்களுக்கு உட்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். உலோகப் பக்கிள் காயக்கையோ கண்ணாடியையோ தட்டாத இடத்தில் நிற்கட்டும். கையால் இழுத்து இறுக்குங்கள், காலை உதைத்துக்கொண்டு தொங்காதீர்கள். பெல்ட்டை ஓரிடத்தில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் வேகத்தில் வரும் அந்த "ரீ..." என்ற பேயலறல் நின்றுவிடும். இறுக்கியதும் மூக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். காயக் தனியாக ஆடினால் போதாது; கார் சேர்ந்து ஆடினால் சரி.

மூக்கிலும் வாலிலும் தனிக் கயிறு கட்டுவது அவசியமா என்று கேட்பார்கள். இவ்வளவு நீளத்துக்கு, நெடுஞ்சாலையில் போவதாக இருந்தால் கட்டுங்கள். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும்: 80 கிலோமீட்டரில் இருப்பதைவிட 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேல். லாரி ஒன்று எதிரே கடக்கும்போது மூக்கு பக்கவாட்டில் நெளிவதை உள்ளேயிருந்து பார்த்தவர்கள் அப்புறம் கேட்கமாட்டார்கள். ஆனால் இந்தக் கயிறு காவலுக்கு மட்டும். தொய்வு போகிற அளவுக்கு இழுத்தால் போதும். முறுக்கேற்றி இழுத்தால் இரண்டு முனையும் கீழே வளைந்து, நடுவில் கூன் விழுந்துவிடும். கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தடவை நிறுத்திப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், முதல் தளர்ச்சி அதற்குள் வந்திருக்கும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் காயக்குகள் பாலிஎத்திலீன். சூட்டில் இது இரண்டு வேலை செய்யும், நீளும், இளகும். 4 மீட்டர் காயக் 30 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால்தான் மத்தியானம் கச்சிதமாக இருந்த பெல்ட் சாயங்காலம் தொளதொளவென்று ஆகிறது. இளகியிருக்கும்போது இறுக்கினால் அந்த அமுக்கம் அப்படியே பதிந்துவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் நான் உச்சி வெயிலில் ராட்செட் போட்டு இறுக்கி, அப்படியே இரண்டு மணி நேரம் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து இறக்கினால் அடியில் கம்பியின் அகலத்துக்கு, விரல் நுழைகிற ஆழத்துக்கு இரண்டு பள்ளம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாகும்: பள்ளம் மேலே இருக்கிற மாதிரி கவிழ்த்து வெயிலில் போட்டு, போதாவிட்டால் அந்த இடத்தில் துணி போட்டு வெந்நீர் ஊற்றி, உள்ளேயிருந்து கை எட்டினால் மெதுவாக வெளியே அழுத்த வேண்டும். என்னுடையது முக்கால்வாசி திரும்பி வந்தது. மிச்சம் இன்றும் இருக்கிறது, நேர்க்கோட்டில் போகாமல் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், பழகிவிட்டது.

வீட்டில் வைக்கும்போதும் இதே விதிதான். தட்டையாகத் தரையில் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், ஒருக்களித்தோ கவிழ்த்தோ, இரண்டு முனையிலிருந்தும் கால்வாசி தள்ளி அகலமான பட்டையில் தாங்குங்கள், நிழலில். முனைக் கைப்பிடிகளில் கட்டித் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து வாழைப்பழம் ஆகிவிடும்.

இனி அடி. மூக்கைப் பிடித்து இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். வால் வளைந்து மேலேறும் இடத்தில், உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு பொட்டு மட்டும்தான் தரையில் படுகிறது. 20 கிலோவும் அந்தப் பொட்டின் மேல். கீழே தார் ரோடோ கான்கிரீட்டோ இருந்தால் அது அரம். மணல் பார்க்க மெத்தென்று இருந்தாலும் மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினம். அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் மெழுகுவர்த்தியைச் சுரண்டிய மாதிரி நார் நாராகத் துகள் கையோடு வரும். ஈரமான புல்லில் நாலு எட்டு இழுப்பதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் வரை இழுப்பதுதான் கொலை.

ஆகவே டிராலி. இதற்கு மாற்றே இல்லை, வாங்கிவிடுங்கள். இரண்டு வகை: காயக்குக்கு அடியில் வைத்து பெல்ட்டால் கட்டுவது, வடிதுளைகளுக்குள் இரண்டு குச்சிகள் நுழைந்து நிற்பது. இரண்டாவது சீக்கிரம் மாட்டலாம், கழன்று விழாது, ஆனால் நான் முன்னால் சொன்ன அதே துளைச் சுவர் பிரச்சினை. பள்ளம் மேட்டில் குலுங்கும்போது குச்சி துளையின் ஓரத்தை இடித்து இடித்து மயிரிழை வெடிப்பு விடும், அது வெளியே தெரியாது, வயிற்றுக்குள் தண்ணீர் சேர்வதில்தான் தெரியும். குச்சி வகைதான் வேண்டும் என்றால் துளையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, அடிப்பாகம் குச்சி நுனியில் இல்லாமல் அகலமான திண்டில் உட்காருகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு நான் சொல்வது பெல்ட் வகை.

டிராலியை எங்கே வைப்பது என்பதில்தான் சுகம் இருக்கிறது. பலர் வால் நுனியில் கட்டிவிட்டு, பாதி எடையைக் கையில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். நடுவுக்குக் கொண்டு வாருங்கள். சமநிலைப் புள்ளிக்கு ஒரு சாண் பின்னால் சக்கரம் இருந்தால் மூக்கில் நாலு கிலோ போலத்தான் தெரியும், ஒரு கையால் இழுக்கலாம். சரியாக நடுவிலேயே வைத்தால் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும், இறக்கத்தில் வால் தரையில் இடிக்கும். மணலுக்குக் குண்டுச் சக்கரம், காற்றுக் குறைவாக. மெல்லிய சக்கரம் மணலில் புதைந்து, டிராலியோடு சேர்த்து இழுக்கிற நிலை வரும், அதற்கு டிராலி இல்லாமலே இழுத்திருக்கலாம்.

தண்ணீர் ஓரத்தில் இன்னொரு தவறு. பாதிக் காயக் மணலில் இருக்கும்போதே ஏறி உட்கார்ந்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தண்ணீருக்குள் நகர்வது. உங்கள் எடையும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் அடியில் அழுந்த, மணலில் அரைபடுகிறது. முழங்கால் ஆழத்தில் முழுக்க மிதக்கவிட்டு ஏறுங்கள். திரும்பி வரும்போதும் அதே ஆழத்தில் இறங்கிவிடுங்கள், வேகமாகத் துடுப்புப் போட்டுக் கரையில் ஏற்றுவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கான்கிரீட் சரிவில் சிப்பி ஒட்டியிருந்தால் அது பிளேடு.

அடியில் இருக்கும் கீறல்களைப் பார்த்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நகம் மாட்டுகிற கீறல்கூட இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் இல்லை, வேகம் குறைவதும் உங்களுக்குத் தெரியாது. நார் நாராக நிற்பதைக் கூரான பிளேடால் படுக்கவைத்துச் சீவிவிட்டால் போதும். தீயைக் காட்டி மழமழப்பாக்கும் வித்தையை எதிலாவது பார்த்திருப்பீர்கள். கை பழகாதவர் கையில் அது ஓட்டையில் முடியும்.

இனி ஒட்டுவது. பாலிஎத்திலீன்மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது, அதுதான் அதன் குணம். பசை, சிலிகான், சாதாரண எபாக்ஸி எல்லாம் இன்றைக்கு நிற்கிற மாதிரி நின்று, நாளைக்குத் தோல் மாதிரி உரிந்து வரும். ஃபைபர் கிளாஸ் காயக்கில் வாலுக்கு அடியில் கெவ்லர் என்ற உறுதியான இழைத் துணியை ரெசினில் ஊறவைத்து ஒட்டுவார்கள், அதைப் பார்த்து இதில் செய்யாதீர்கள். உங்களுக்கு மூன்று வழி. ஒன்று, உங்கள் காயக்கின் வாலடியில் திருகிக் கழற்றி மாற்றக்கூடிய தேய்மானத் தகடு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், இப்போது வரும் பலவற்றில் இருக்கிறது. இருந்தால் பிரச்சினையே இல்லை, தகட்டை மாற்றினால் முடிந்தது. இரண்டு, இதற்கென்றே விற்கும் தடித்த ஒட்டுப்பட்டை. ஒட்டும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, முடி உலர்த்தியால் பட்டையையும் கூட்டையும் வெதுவெதுப்பாக்கி, பட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தண்ணீரில் விடாமல் வைக்க வேண்டும். கூர் மூலையை அப்படியே விட்டால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். இது வழவழப்பான இடத்தில்தான் பிடிக்கும், அதனால் நார் நிற்கிற இடத்தை முதலில் சீவித் தேய்த்துச் சமன்செய்யுங்கள். ஒட்டிவிட்டோம் என்று திரும்பவும் தார் ரோட்டில் இழுத்தால் பட்டையும் தேயும். எபாக்ஸியில் விதிவிலக்கு வெஸ்ட் சிஸ்டத்தின் ஜி-ஃபிளெக்ஸ். அதுவும் தீச்சுடரை மேலாக வேகமாக ஓட்டிப் பரப்பைப் பக்குவப்படுத்திய பிறகுதான் பிடிக்கும்.

மூன்றாவது வெல்டிங். சுவர் நிஜமாகவே மெலிந்துவிட்டால் அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஏற்றுவது. இதைச் செய்யும் முன் ஒரு சோதனை வேண்டும், ஏனென்றால் பாலிஎத்திலீன் காயக்கில் இரண்டு ஜாதி: நேர்ச்சங்கிலி வகை, குறுக்குப் பிணைப்பு வகை. முதலாவது உருகி ஒட்டும், இரண்டாவது திரும்ப உருகவே உருகாது, அதில் வெல்டிங் நடக்காது. வாலில் சீவிய நாரையே ஒரு பழைய கரண்டியில் வைத்துச் சூடு காட்டுங்கள். மெழுகு மாதிரி இளகி ஓடினால் முதல் வகை. வடிவம் மாறாமல் ரப்பர் மாதிரி நின்று கருகினால் இரண்டாவது, உங்களுக்குத் தகடும் பட்டையும்தான்.

மெலிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பக்கத்து இடத்தைவிட அதிகமாக உள்வாங்கினால் சந்தேகம்தான். உங்களுடையது வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு: ராத்திரியில், வால் பக்க மூடியைத் திறந்து ஒரு டார்ச்சை ஏற்றி முடிந்தவரை பின்னால் தள்ளி வைத்துவிட்டு, வெளியே வந்து அடியைப் பாருங்கள். கூடு முழுக்க மங்கலாக ஒளிரும், மெலிந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். பளிச்சென்று எதுவும் தெரியவில்லை என்றால் நாரைச் சீவிவிட்டு, பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு, டிராலிக்குச் சொல்லிவிடுங்கள். தெரிந்தால், வெல்டிங் செய்கிறவர் ஒருவரைப் பார்க்கும்வரை அதைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.